கேப்பர் மலைக்கு என்ன நிறம்?

எங்கள் சைக்கிள் குழுவில் ஞாயிற்றுக்கிழமை ரைடுக்கு முன்னால் ஒரு படிவம் வரும். பெயர், ரத்த வகை, அவசரம் என்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், அப்புறம் கடைசியாக ‘உங்கள் லெவல்: பிகினர், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு’. புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் மரக்காணம் வரை போய்த் திரும்புகிற ரைடுக்கு இந்தக் கேள்வியால் கெடுதல் ஒன்றும் இல்லை. யார் எந்த வேகத்தில் வருவார்கள், டீக்கடையில் யாருக்காக யார் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். ஆனால் அதே படிவத்தை அப்படியே எடுத்து, கடலூர் கேப்பர் மலையின் செம்மண் இறக்கத்துக்குப் போகிற ரைடுக்கும் அனுப்ப ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில், எல்லோரும் இன்டர்மீடியட் என்றுதான் போடுகிறார்கள். பிகினர் என்று போட்டால் குழுவில் நாலு பேர் பார்ப்பார்கள். அட்வான்ஸ்டு என்று போட்டால் யாராவது ‘எங்கே, இறங்கிக் காட்டுங்க’ என்பார்கள். நடுவில் நின்றுகொண்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஓட்டலில் சர்வர் ‘காரம் மீடியமா போடட்டுமா’ என்று கேட்கும்போது தலையாட்டுகிறோமே, அந்த மாதிரி பதில் இது. கேட்டவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, சொன்னவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு ரைடில், அட்வான்ஸ்டு என்று தைரியமாகப் போட்டவர் ஒரு அண்ணன் மட்டும்தான். அவர் போட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரே வருஷத்தில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பி.ஆர்.எம். (நேரக் கெடு வைத்து நடத்துகிற நெடுந்தூர ரைடு) நான்கையும் முடித்து சூப்பர் ரேண்டனர் என்ற பட்டம் வாங்கியவர். 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் தூக்கம், முதுகு, மனசு எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சும்மா வருகிற பட்டம் இல்லை. பிகினர் என்று போட்டவர், லாஸ்பேட்டையிலிருந்து வருகிற, வங்கியில் வேலை பார்க்கிற ஒரு அக்கா. குழு இரண்டாகப் பிரிந்தது. அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் தார்ச்சாலை வழியாகக் கீழே போகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் மற்றவர்களோடு முந்திரித் தோப்பு ஓரத்துப் பள்ளத்தில் இறங்கினார்.

பாதி தூரத்தில் பள்ளம் ஒரு முழங்கால் உயரத்துக்குச் சட்டென்று உடைந்து இறங்கும். அந்த விளிம்பில் அண்ணன் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். சக்கரம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. சரளையில் பின்பக்கம் வழுக்கி, குறுக்கே திரும்பி, முழங்கை தேய உட்கார்ந்துவிட்டார். பெரிய காயம் இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். விழுவது எல்லாருக்கும் நடக்கிறதுதான். எனக்கு உறுத்தியது கீழே டீ குடிக்கும்போது நடந்த பேச்சு. ‘அண்ணன் அட்வான்ஸ்டுதான், இன்னைக்கு ஏதோ சரியில்ல’ என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஆமாம் என்றார்கள். மனிதர் விழுந்தும் பட்டம் விழவில்லை. அந்த விளிம்பைப் பற்றி, அது எவ்வளவு உயரம், அதற்கு முன்னால் மண் எப்படி இருந்தது என்று ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

நிறம் பாதைக்குத்தான்

மலை சைக்கிள் ஓட்டுவது நெடுநாளாக நடக்கிற நாடுகளில் இந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறார்கள். அங்கே முதலில் பாதைக்குத்தான் மதிப்பெண். அமெரிக்காவில் இருக்கிற இம்பா என்ற மலை சைக்கிள் சங்கம், பனிச்சறுக்கு மைதானங்களில் ஏற்கனவே இருந்த குறியீடுகளை எடுத்துக்கொண்டது: பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் அதைவிடக் கடினம், கறுப்பு வைரம் மிகக் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் அதற்கும் மேலே. பச்சைக்கும் முந்தைய படியாக வெள்ளை வட்டம் ஒன்றும் உண்டு. பிரிட்டனில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பு வருகிறது. ஜெர்மனியிலிருந்து வந்த அளவுகோலில் நிறமே பிரதானம் இல்லை, எஸ்-0 முதல் எஸ்-5 வரை எண்கள்.

எனக்குப் பிடித்தது, இம்பா இதை வெறும் அபிப்பிராயமாக விடவில்லை என்பதுதான். பச்சை என்றால் பாதை கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் அகலம், சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குள், கல், வேர், படி மாதிரி தவிர்க்க முடியாத தடைகள் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. நீலத்துக்கு அகலம் 60, சரிவு 10 சதவீதம், தடை 20 சென்டிமீட்டர். கறுப்புக்கு அகலம் 30, சரிவு 15 சதவீதம், தடை 38 சென்டிமீட்டர் வரை. அதைத் தாண்டினால் இரட்டை வைரம். கூடவே இரண்டு அறிவுரையும் உண்டு. ஒன்று, பாதையின் நுட்பக் கடினத்தை மட்டும் பார், மூச்சு வாங்குவதைக் கணக்கில் சேர்க்காதே. இன்னொன்று, உன் வட்டாரத்தில் இருக்கிற மற்ற பாதைகளோடு ஒப்பிட்டு நிறம் கொடு. முதல் அறிவுரையைப் படித்தபோது எனக்கு நம் அண்ணன் ஞாபகம் வந்தார். அவருடைய 600 கிலோமீட்டர் முழுக்க மூச்சின் கணக்கு. அந்தப் பள்ளத்து விளிம்புக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. கனடாவின் விஸ்லர் பைக் பார்க்கில் ஏ-லைன் என்று உலகம் முழுக்கப் பேர்பெற்ற ஒரு பாதை இருக்கிறது. கறுப்பு வைரம். இயந்திரத்தால் வழவழவென்று சமைத்த மண், வரிசையாகத் தாவும் மேடுகள். பெரும்பாலான மேடுகள் தட்டையான தலை கொண்டவை. தாவத் தெரியாதவர் மெதுவாக உருண்டே போய்விடலாம். அதே பார்க்கில் வேரும் பாறையுமாகக் கிடக்கிற இன்னொரு கறுப்பு வைரத்தில் மெதுவாகப் போனால்தான் ஆபத்து, சக்கரம் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். ஒரே குறி, இரண்டு வேறு பயம். நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் மேலே நின்றுகொண்டிருக்கிற ஆளிடம் ‘நீ யார்’ என்று கேட்பதைவிட ‘கீழே இது இருக்கிறது’ என்று சொல்வது மரியாதை என்று நினைக்கிறேன்.

முன் பிரேக் பயம்

இறக்கத்துக்கான திறமை என்ன என்று யோசித்தால், நம் ஊர்ப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிற சைக்கிள் அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. அப்பாவோ மாமாவோ கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கற்றுக்கொடுக்கும்போதே முதல் பாடம் ‘முன் பிரேக்க புடிக்காத, குப்புற விழுவ’. அந்த வாக்கியம் உடம்பில் அப்படியே ஊறிப்போகிறது. நாற்பது வயதில் லட்ச ரூபாய் சைக்கிள் வாங்கி, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் போட்டாலும் விரல் பின் பிரேக்குக்குத்தான் போகிறது. ஆனால் இறக்கத்தில் உடம்பின் எடை முழுக்க முன்னால் சாய்ந்துவிடும். பின் சக்கரத்துக்கு மண்ணில் பிடிமானமே குறைவு. அதை மட்டும் பிடித்தால் வழுக்கும். சைக்கிளை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். அதை ஒரே விரலால், விட்டு விட்டு இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, திரும்பும்போது விட்டுவிட வேண்டும். இதுதான் பாதிப் படிப்பு.

மீதிப் பாதி நிற்பது. சீட்டில் உட்காராமல், இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, குதிகாலைக் கொஞ்சம் கீழே இறக்கி, முழங்கையை வெளிப்பக்கம் மடக்கி நிற்க வேண்டும். சைக்கிள் கீழே ஆடட்டும், உடம்பு ஆடக் கூடாது. பயந்தால் நாம் பின்னால் போய் சீட்டுக்கும் அப்பால் தொங்குகிறோம். அப்போது முன் சக்கரம் லேசாகி, திருப்பினாலும் திரும்புவதில்லை. அப்புறம் கண். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் ஏறுவோம். ஐந்தாறு மீட்டர் தள்ளி, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். சொல்வது சுலபம்.

இந்த முன் பிரேக் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டவுன்ஹில், அதாவது மலையிறக்கப் பந்தயத்தின் பிறப்பிடம் என்று சொல்லப்படுகிற கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், 1976-ல் ரீபேக் என்ற பந்தயத்தைத் தொடங்கியவர்கள் பழைய, கனத்த சைக்கிள்களில்தான் இறங்கினார்கள். பலவற்றில் பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கிற பிரேக், அதுவும் பின் சக்கரத்தில் மட்டும். கீழே வந்து சேர்வதற்குள் சக்கரத்தின் நடுவே ஹப்பில் இருந்த கிரீஸ் சூடாகிப் புகைந்துபோகும். திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும். ரீபேக் என்றால் திரும்ப அடைப்பது, பந்தயத்துக்குப் பெயர் வந்ததே அப்படித்தான். இன்றைக்கு டவுன்ஹில் சைக்கிளில் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அமுங்குகிற சஸ்பென்ஷன் இருக்கிறது. நம் குழுவில் பலரிடம் இருப்பது முன்னால் மட்டும் 100 மில்லிமீட்டர் அமுங்குகிற ஹார்ட்டெயில். கேப்பர் மலைக்கு அதுவே தாராளம்.

டேப்பும் மண்வெட்டியும்

வெளியூர்க்காரர் யாரும் கேப்பர் மலையை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். மத்திய சிறைச்சாலை இருக்கிற செம்மண் மேடு, ஒரு பக்கம் திருவந்திபுரம், கெடிலம், அவ்வளவுதான். ஆனால் மண்ணில் விஷயம் இருக்கிறது. புவியியல்காரர்கள் இந்த அடுக்குக்கு ‘கடலூர் மணற்கல்’ என்று நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆரோவில் பக்கத்துச் செம்மண் பள்ளங்களும், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கிற திருவக்கரையும் அதே அடுக்குதான். காய்ந்திருக்கும்போது மேலே உருண்டைச் சரளை, அடியில் இறுகிய மண். மழை பெய்தால் அதே மண் கரைந்து ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பார்த்த பாதையைத் தை மாதம் போய்ப் பார்த்தால் அடையாளம் தெரியாது. முந்திரித் தோப்புக்குள் இன்னொரு தொல்லையும் உண்டு. உதிர்ந்த சருகு சரளையை மூடிக்கொண்டிருக்கும். பார்க்கிற கண்ணுக்கு மெத்தை, சக்கரத்துக்கு வழுக்கல்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழை அது. வெள்ளம், வீடு, ஆபீஸ் என்று எல்லாம் ஓய்ந்து, நாங்கள் மறுபடி மேட்டுக்குப் போனபோது பொங்கல் கழிந்திருந்தது. எங்களோடு பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சார் வந்திருந்தார். சைக்கிள் ஓட்ட வந்தார் என்பதைவிட, மண் எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்க்க வந்தார் என்பதே சரி. பள்ளத்தைப் பார்த்தவுடன் ‘யார் இந்த வழியைப் போட்டது’ என்று கேட்டார். யாரும் போடவில்லை சார், தண்ணீர் போட்டது என்றேன். ‘அதான் கேக்கறேன். தண்ணி போற வழியிலேயே நீங்களும் போனா, ரெண்டு பேரும் சேர்ந்து தோண்டுவீங்க.’

அவர் சொன்னதை இம்பாக்காரர்களும் வேறு விதமாகச் சொல்கிறார்கள். மலைச்சரிவு எவ்வளவோ, அதில் பாதிக்கு மேல் பாதையின் சரிவு இருக்கக் கூடாது. இருந்தால் அது பாதை இல்லை, வாய்க்கால். நடுநடுவே சின்னதாய் ஒரு ஏற்றம் வைத்தால் தண்ணீர் அங்கேயே வெளியேறிவிடும். அவர் இதையெல்லாம் படித்தவர் இல்லை. ரோட்டோரக் கால்வாய்களைப் பார்த்தே வாழ்க்கையை ஓட்டியவர்.

அக்கா அன்றைக்குச் சைக்கிளைத் தோப்பு வேலியில் சாய்த்துவிட்டு, பள்ளத்தில் நடந்து இறங்கிக்கொண்டிருந்தார். பையன்களில் ஒருவன் ‘அக்கா, ஓட்டறதுக்கு வந்தீங்களா, வாக்கிங் வந்தீங்களா’ என்று கேட்டான். உலகக் கோப்பை டவுன்ஹில் போட்டிகளில் வீரர்கள் தடத்தில் சக்கரம் வைப்பதற்கு முன்னால் முழுவதையும் நடந்துதான் பார்ப்பார்கள் என்று அவனுக்குச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அக்காவே ‘எனக்கு இதுல பயமா இருக்கிறது ஒரே இடம்தான் தம்பி. அது எதுன்னு பாத்துட்டு இருக்கேன்’ என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் கலைந்தது. பயம் என்று நாங்கள் பேசியதெல்லாம் மொத்தமாக, ஆளோடு ஒட்டிய பயம். இவர் அதை ஒரு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர் பையில் டேப் எப்போதும் இருக்கும். அளந்தோம். மேலிருந்து கீழே பாதை சுமார் 180 மீட்டர், இறக்கம் ஏறக்குறைய 16 மீட்டர். சராசரிச் சரிவு 9 சதவீதத்தைத் தொடவில்லை. நீலத்துக்குள் அடக்கம்! மிகச் செங்குத்தான துண்டில் என் போனை வைத்துப் பார்த்தபோது 14 என்று காட்டியது. 14-தானா என்று ஒருவர் ஏமாந்துபோனார். ‘அது டிகிரிப்பா. பர்சென்ட்ல 25 வரும்’ என்றார் சார். 45 டிகிரிதான் 100 சதவீதம் என்பதை நம்மில் பாதிப் பேர் மறந்துவிடுகிறோம். இணையத்தில் பாதைச் சரிவுகளைப் பற்றி நடக்கிற சண்டைகளில் பாதி இதனால்தான் என்று எனக்குச் சந்தேகம். அந்தத் துண்டும் நாலைந்து மீட்டர்தான், நேராகத்தான் இறங்கியது. அதுவும் அக்கா சொன்ன இடம் இல்லை.

அவர் சொன்ன இடம் அதே பழைய விளிம்பு. புயலுக்குப் பிறகு இன்னும் ஆழமாகியிருந்தது. டேப்பை வைத்தால் 42 சென்டிமீட்டர். விளிம்புக்கு மேலே ஒரு கையகலத்துக்குச் சரளை குவிந்து கிடந்தது, அதன் மேல் முந்திரிச் சருகு. குனிந்து சருகை விலக்கினால் அடியில் ஒரு வேர், குறுக்கே, பெருவிரல் பருமனுக்கு. பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று மனசு சொல்கிற அதே இடத்தில், பிடித்தால் வழுக்குகிற எல்லாம் அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. 180 மீட்டரில் 178 மீட்டர் நீலம். நடுவில் இரண்டு மீட்டர் இரட்டைக் கறுப்பு வைரம். எங்கள் படிவம் இந்த இரண்டு மீட்டரைப் பற்றி எதுவும் கேட்காமல், எங்கள் எல்லோரையும் மூன்று ஜாதியாகப் பிரித்துவைத்திருந்தது.

இங்கே பாதையின் நிறத்தை முடிவு செய்வது தவிர்க்க முடியாத தடைதான். தவிர்க்க வழி இருந்தால் நிறம் இறங்கிவிடும். அந்த வழியைக் கண்டுபிடித்ததும் அக்காதான். இடப்பக்கம் ஒரு முந்திரி மரத்தை ஒட்டி மேடு கொஞ்சம் சாய்வாக இறங்கியது. தோப்புக்காரரிடம் போய்க் கேட்டோம். காய்ப்புக் காலத்தில், பங்குனி சித்திரையில், யாரும் உள்ளே வரக் கூடாது, மரத்தின் வேரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு சரி என்றார். மண்வெட்டியும் அவரே கொடுத்தார். சார் நின்று சொல்லச் சொல்ல, கீழே ஒரு சின்ன ஏற்றம் வைத்து, தண்ணீர் பக்கத்துச் சரிவுக்குப் போகிற மாதிரி வெட்டினோம். வேர்வை சொட்டச் சொட்ட வெட்டியவர்களில் ரேண்டனர் அண்ணனும் ஒருவர். அந்த மூச்சுக்கு அன்றைக்கு நல்ல வேலை கிடைத்தது. விளிம்பை யாரும் தொடவில்லை. வேண்டுபவர் விளிம்பில் இறங்கலாம், வேண்டாதவர் இடப்பக்கம் போகலாம்.

அன்றைக்கே அக்கா இடப்பக்க வழியில் இறங்கினார். மெதுவாக, பிரேக் சத்தம் கேட்கக் கேட்க, மரத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் கொன்றுவிட்டு, மரத்தைத் தாண்டியதும் இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டார். அவ்வளவு அழகான இறக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு செய்த இறக்கம்.

இதில் எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. பையன்கள் இரண்டு பேருக்குக் கோபம். ‘இருந்ததே ஒரு கஷ்டமான இடம், அதையும் ரோடு போட்டுட்டீங்க’ என்றார்கள். அவர்கள் சொல்வதை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். இந்த மாவட்டத்தில் இறங்குவதற்கு என்று இருப்பதே இந்த மேடும் இன்னும் சில பள்ளங்களும்தான். பெரிய இறக்கம் வேண்டும் என்றால் கல்வராயனுக்கோ ஏற்காட்டுக்கோ வண்டி பிடிக்க வேண்டும். சுலபமாக்கிக்கொண்டே போனால் கற்றுக்கொள்ள என்ன மிஞ்சும் என்பது நல்ல கேள்வி. ஆனால் விளிம்பு அங்கேயேதான் இருக்கிறது என்பதை அவர்கள் பேச்சில் சேர்த்துக்கொள்வதில்லை. பக்கத்தில் ஒரு வழி இருந்தால் விளிம்பில் இறங்குகிறவருக்கு மவுசு குறைந்துவிடும் என்பதுதான் உள்ளே இருக்கிற வருத்தம் என்று நான் சந்தேகப்படுகிறேன்.

படிவத்தை மாற்றலாமா என்று குழுவில் கேட்டேன். லெவலை எடுத்துவிட்டு, ‘முன் பிரேக் வேலை செய்கிறதா’, ‘முழங்கால் உயரப் படியில் சைக்கிளோடு இறங்கியிருக்கிறீர்களா’, ‘சேர்ந்து நடந்து பார்க்க அரை மணி நேரம் முன்னதாக வர முடியுமா’ என்று மூன்று கேள்விகள். நல்ல யோசனை என்று கட்டைவிரல் நிறைய வந்தது. அடுத்த ரைடுக்குப் பழைய படிவமே வந்தது. அக்கா இப்போதும் பிகினர் என்றுதான் போடுகிறார். கேட்டால், அதனால் என்ன என்கிறார்.

பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கல் நட்டு நீலச் சதுரம் வரையலாம் என்பது மட்டும் ஒருமனதாக முடிவானது. தோப்புக்காரர் வீட்டில் கேட் அடித்தது போக மிச்சமிருந்த நீல பெயின்ட் கிடைத்தது. வரைந்து முடித்ததும் சார் பிரஷ்ஷை வாங்கி, சதுரத்துக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினார். ‘என்ன சார், எக்ஸ்பைரி டேட்டா?’ என்றான் ஒரு பையன்.

‘ஆமாம்ப்பா. ஐப்பசி வந்தா செல்லாது’ என்றார்.